கதவை அழுத்திய முதுகு: நாட்டிய விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகை மாவட்டங்களில் ஆண்டுதோறும் நாட்டிய விழா நடத்திவரும் குழுக்களின் தலைவர்கள், செயலாளர்கள், நிகழ்ச்சித் தேர்வாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேதாரண்யத்துக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரில் இருபது ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்துவருகிறேன். அதனுடன் சமகால நடனமும் பயின்று, கடந்த சில ஆண்டுகளாக அதையும் ஆடியும் கற்பித்தும் வருகிறேன். சென்ற ஆண்டு உங்களுள் ஒரு குழுவினரிடம், மூன்று பெண்கள் ஆடும் இருபத்தைந்து நிமிட நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். நிகழ்ச்சியில் கதையும் இல்லை, பாடலும் இல்லை, சமகால நடனம் நம் மண்ணின் மரபைச் சார்ந்ததும் இல்லை என்று சுருக்கமாக ஒரு மறுமொழி வந்தது. அக்குழுவின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அதே கருத்தை வெவ்வேறு சொற்களில் வேறு மூன்று இடங்களிலும் கேட்டிருக்கிறேன் என்பதால், இம்மடலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவுக்குப் பிறகு கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. எங்கள் வீட்டு வாசல் கதவின் தாழ்ப்பாள் முதல் மணி நேரத்திலேயே பிடுங்கிக்கொண்டு போனது. அதன்பிறகு என் அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அந்தக் கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, விடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இடையில் காற்று ஒரேயடியாக ஓய்ந்தது. ஓய்ந்தவுடன் மூவரும் பின்னோக்கிச் சரிந்தோம்; எதிர்த்துத் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதை முதலில் அறிந்தது முதுகுதான், மனம் அதன்பிறகுதான் புரிந்துகொண்டது. பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து வந்தது. தென்னைகள் விழுந்ததைப் பற்றியும் ஓடுகள் பறந்ததைப் பற்றியும் எங்கள் ஊரார் பல ஆண்டுகள் பேசினார்கள். அந்த இரவில் உடம்பு செய்த வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை, அதற்குரிய சொல் யாரிடமும் இல்லை. ஆனால் பலத்த காற்று அடிக்கும்போதெல்லாம் இன்றும் என் அம்மாவின் குதிகால் தரையைத் தேடி ஊன்றிக்கொள்வதை நான் பார்க்கிறேன்.

அந்தக் குதிகாலிலிருந்துதான் நிகழ்ச்சி தொடங்கியது. ஆடுபவர்களில் ஒருவர் என்னிடம் பன்னிரண்டு ஆண்டுகள் பரதம் கற்றவர், இன்னொருவர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர், நடன வகுப்பில் ஒருநாளும் காலடி வைத்திராதவர், மூன்றாவது நான். புயலைக் கையால் காட்டும் முத்திரை எதையும் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பல வாரங்கள் சுவரில் முதுகைச் சாய்த்துத் தள்ளினோம். தள்ளும்போது மூச்சு எங்கே நிற்கிறது, தொடை எப்போது நடுங்கத் தொடங்குகிறது, நடுக்கம் வந்தபின் எந்தக் காலுக்குப் பாரம் மாறுகிறது என்பவற்றையெல்லாம் ஒருவர் மற்றவரின் உடம்பில் கையை வைத்துக் கண்டறிந்தோம். பிறகு சுவரை விட்டு விலகி, சுவர் இல்லாமலேயே அந்தப் பாரத்தை முதுகில் வரவழைக்கப் பழகினோம். இதில் எங்களுக்கு வழிகாட்டியவர் நடவுக்குப் போகும் அந்த அக்காதான். இடுப்பிலிருந்து குனிந்து, சேற்றில் பின்னோக்கி அடிவைத்து, ஒரு நாளில் பல மணி நேரம் நாற்று ஊன்றும் உடம்புக்குப் பின்புறத்தைப் பார்க்காமலே பின்னால் போகத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்ற என் மாணவியும் நானும் அந்தப் பின்னடியை அவரிடம் கற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆயிற்று.

“இதன் கதை என்ன?” என்பது உங்கள் முதல் கேள்வி. உங்கள் மேடைகளில் ஒவ்வொரு நாளும் முதல் உருப்படியாக ஆடப்படும் அலாரிப்பின் கதை என்ன என்று நானும் பணிவுடன் கேட்க விரும்புகிறேன். அதில் பாடல் இல்லை, பாத்திரம் இல்லை. கண், கழுத்து, தோள், கை, கால் என்று உடம்பு ஒவ்வோர் உறுப்பாக விழித்தெழுந்து அரங்கில் நிலைகொள்வதே அதன் முழுப் பொருள். அடுத்து வரும் ஜதிஸ்வரத்தில் ஸ்வரங்கள் உண்டு, சாகித்தியம் எனப்படும் பாடல் வரிகள் இல்லை. இவ்விரண்டையும் உட்கொண்ட கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் நம் தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோசியின் காலத்தில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரே. நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் முனிவர்கள் பரதரிடம், பாட்டின் பொருளையும் சொல்லாத, எந்தக் கருத்தையும் உணர்த்தாத நிருத்தம் எதற்காக உண்டாக்கப்பட்டது என்று கேட்கிறார்கள். நிருத்தம் எந்தப் பொருளையும் வேண்டி நிற்பதில்லை, அது அழகைப் பிறப்பிக்கிறது, ஆகவே உண்டாயிற்று என்று அவர் விடை கூறுகிறார். நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி அத்தனை பழமையானது, அதற்கான விடையும் அதே பழமை உடையது.

சமகால நடனம் அந்த விடையோடு நின்றுவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அழகை மட்டும் அது தேடுவதில்லை. உடம்பு தானே ஒன்றை அறிகிறது, நினைவில் வைக்கிறது, முடிவெடுக்கிறது என்ற நம்பிக்கையின்மேல் அது நிற்கிறது. உடம்பை ஒரு கருவியாகக் கொண்டு வேறெதையோ சொல்வதைவிட, அந்த உடம்பு அறிந்ததை அதன் பாரத்தாலும் மூச்சாலும் காலத்தாலும் வெளியே கொண்டுவருவதில்தான் அதன் கவனம் இருக்கிறது. இது தமிழருக்குப் புதிய எண்ணம் இல்லை. நம் மொழியில் மெய் என்ற ஒரே சொல் உடம்பையும் குறிக்கிறது, உண்மையையும் குறிக்கிறது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை எண்ணி, அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயரிட்டது. உள்ளத்தில் எழுந்தது மெய்யில் படுவதால் அந்தப் பெயர். ‘உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல்’ மெய்ப்பாடு என்று தொல்காப்பிய உரையாசிரியர் இளம்பூரணர் தம் உரையில் ஒரு பழைய நூற்பாவை எடுத்துக்காட்டுகிறார். செய்பவரின் உடம்பில் நிகழ்ந்தது பார்ப்பவரைச் சென்று சேர்வதைப் பற்றி அவ்வளவு கூர்மையாகச் சொன்ன வரியை வேறெங்கும் நான் படித்ததில்லை. எனக்குச் சமகால நடனம் கற்பித்தவர்கள் பல மாத வகுப்புகளில் சொல்ல முயன்றதும் அதுதான்.

கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது. தசையிலும் தசைநாணிலும் மூட்டிலும் உள்ள நுண்ணிய உணரிகள் ஒவ்வொரு கணமும் மூளைக்குச் செய்தி அனுப்புவதால் வரும் அறிவு அது. ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் அதற்குத் தனிப் பெயர் சூட்டி, மற்றப் புலன்களிலிருந்து பிரித்துக் காட்டினார். 2005இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், பாலே ஆடுபவர்களுக்கும் பிரேசில் நாட்டுக் கபோய்ரா ஆடுபவர்களுக்கும் இருவகை ஆட்டத்தின் காட்சிகளையும் காட்டியபோது, தாம் பழகிய அசைவைப் பார்க்கையில் அசைவுக்குரிய மூளைப் பகுதிகள் அவரவர்க்குக் கூடுதலாக இயங்கியது தெரியவந்தது. தான் செய்து பழகிய ஒன்றைப் பார்க்கும்போது மனிதர் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. நம் ஊர்ப் பார்வையாளர்களுக்கு இந்த ஆட்டம் புரியாது என்று உங்களுள் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் கூறினார். சேற்றில் நின்றவர்கள், தலையில் நெல்மூட்டை சுமந்தவர்கள், புயலில் கதவைத் தள்ளியவர்கள் அமர்ந்திருக்கும் அவையைவிட இதைப் புரிந்துகொள்ளத் தகுந்த அவை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மரபைப் பற்றிய உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன், அதில் எனக்கும் பங்கு உண்டு. எனக்கு முதலில் கற்பித்த நட்டுவனார், தட்டுமனை என்னும் மரக்கட்டையில் கழியால் தட்டித் ‘தெய்யா தெய்’ என்று சொல்லிக்கொண்டே, முழங்காலை மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டி தளர்ந்தால் கழியின் நுனியால் என் முழங்காலைத் தொடுவார். எந்த விளக்கமும் தரமாட்டார். அந்தத் தொடுகையில் இருந்தது அவருடைய ஆசான் அவருக்குத் தந்தது, அவருக்கு முன்னிருந்தவர் அந்த ஆசானுக்குத் தந்தது. புத்தகத்தில் அது ஏறாது, காணொளியிலும் ஏறாது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன். 1010இல் நிறைவுற்ற அக்கோயிலின் சுவரில், இராசராசன் கொண்டுவந்து குடியேற்றிய ஏறக்குறைய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர்களும், ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்த வரிசையில் எத்தனையாம் வீட்டில் இருந்தவர் என்ற செய்தியும், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் பொறிக்கப்பட்டுள்ளன. அதே கோயில் விமானத்தின் மேல்தளத்துச் சுற்றில் கரணங்கள் எனப்படும் 108 ஆடல் அசைவுகளுள் 81 சிற்பங்களாக உள்ளன. இவ்வளவு இருந்தும், அந்தப் பெண்கள் எப்படி ஆடினார்கள் என்பது நமக்குத் தெரியாது. கையும் காலும் சேர்ந்து இயங்குவதே கரணம் என்பது நாட்டிய சாஸ்திரம் தரும் விளக்கம். கல்லோ ஓர் இயக்கத்தின் ஒரே ஒரு கணத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு முந்திய கணமும் பிந்திய கணமும் என்னவென்று அறிய, நடனக் கலைஞர் முனைவர் பத்மா சுப்ரமண்யம் தம் உடம்பையே ஆய்வுக்களமாகக் கொள்ள வேண்டியிருந்தது. வீட்டு எண்வரை எழுதி வைத்த ஓர் அரசால் எழுதிவைக்க முடியாமல் போனது எதுவோ, அதுதான் நடனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அது உடம்பிலிருந்து உடம்புக்கு வந்துகொண்டிருந்த வழி நம் காலத்துக்குச் சற்று முன்னர்தான் அறுந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்து சட்டம் வந்தது. அந்த வழக்கத்தின் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை ஒழித்த காலத்திலேயே, அந்தக் குடும்பத்துப் பெண்கள் பொதுமேடையிலும் ஆட முடியாதபடி அவமானம் அவர்கள்மேல் ஏற்றப்பட்டது. 1933இல் சென்னை மியூசிக் அகாதெமியில் ஆடிய ஜீவரத்தினம், ராஜலட்சுமி என்ற சகோதரிகள் நம் பந்தநல்லூர் வழியினர். அந்த ஆட்டத்தைக் கண்டபின்தான், பின்னாளில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்கத் தொடங்கினார். நம் விழா மலர்களில் ஆசான்களின் படங்கள் அச்சாகின்றன. அந்தச் சகோதரிகளின் படத்தை எந்த மலரிலும் நான் பார்த்ததில்லை. மரபு என்று நாம் காக்கும் ஒன்று யார் உடம்பில் இருந்தது என்பதையும் உங்கள் மேடையில் ஒருமுறையாவது சொல்லுங்கள் என்பது இம்மடலின் பொருளோடு ஒட்டிய வேண்டுகோள்தான்.

சமகால நடனம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்கிறீர்கள். ஒரு பாதி உண்மை. சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாலேயின் கட்டுகளை விட்டு வெளியேறியவர்கள் உண்டாக்கிய முறைகள் பலவற்றை நான் கற்றேன், அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். மார்த்தா கிரஹாம் மூச்சு வெளியேறும்போது அடிவயிறு சுருங்குவதையும் உள்வரும்போது விரிவதையும் அடிப்படையாக வைத்து ஒரு பயிற்சி முறையையே அமைத்தார். 1962 முதல் நியூயார்க்கில் ஜட்சன் தேவாலயத்தில் கூடிய இளம் கலைஞர்கள், சாதாரணமாக நடப்பதும் நிற்பதும் பாரம் தூக்குவதும்கூட நடனமாகும் என்று ஆடிக்காட்டினார்கள். பயிற்சி இல்லாத ஒரு விவசாயத் தொழிலாளியை என்னுடன் மேடையேற்றும் துணிவு எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

மறுபாதி நம் நாட்டு நடனக் கலைஞர் சந்திரலேகா. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்ற அவர், 1952இல் இராயலசீமை வறட்சி நிவாரணத்துக்காகத் தம் அரங்கேற்றத்தை நிகழ்த்தினார். யமுனையில் நீராடும் பெண்களைப் பற்றிய பதத்துக்கு அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தபோது, வெடித்துக் கிடக்கும் நிலத்தின் படங்கள் கண்முன் வந்ததாகவும், கை காட்டும் நீர்ப்பெருக்குக்கும் வெளியே இருந்த வறட்சிக்கும் இடையிலான பிளவு தம்மை உலுக்கியதாகவும் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். மேட்டூர் அணை திறக்காத ஆண்டுகளில், கடைமடையில் தாளடி நெற்பயிர் கருகி நின்ற மாதங்களில், காவிரியின் பெருக்கைப் பாடும் உருப்படிக்கு அலை முத்திரை பிடித்து ஆடிய எனக்கு அந்தச் சொற்கள் புதிதாக இல்லை. நெடுங்காலம் மேடையை விட்டு விலகியிருந்த அவர், 1985இல் ‘அங்கிகா’ என்ற நிகழ்ச்சியில் பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் அருகருகே நிறுத்தி, நகையும் கதையும் இன்றி உடம்பை மட்டும் அரங்கில் வைத்தார். அரைமண்டியை அவர் கைவிடவில்லை. அதை நெடுநேரம் அசையாமல் நிறுத்தி, அதற்குள் எவ்வளவு வலிமை இருக்கிறது என்று காண வைத்தார்.

உங்கள் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருப்பதை அறிவேன். தொலைக்காட்சிப் போட்டிகளில் திரைப்பாட்டுக்குத் தரையில் உருள்வதையும் ஒருவரை ஒருவர் தூக்கி எறிவதையும் இதே பெயரால் அழைக்கிறார்கள். அவற்றை ஆடும் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டின் வரிக்கு வரி உடம்பால் எதிரொலிப்பது வேறு, நான் சொல்வது வேறு. ஒரு நிகழ்ச்சியைப் பார்க்காமல் பெயரை வைத்து முடிவு செய்தால் இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

நான் கேட்பவை பெரியவை அல்ல. சந்நிதி எதிரில் ஆட வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த இடத்துக்குரிய ஒழுங்கை நீங்களே அறிவீர்கள். பல நாள் நடக்கும் விழாவில் கோயிலுக்கு வெளியே, பள்ளி அரங்கிலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு மாலையைச் சமகால நடனத்துக்கு ஒதுக்குங்கள். விண்ணப்பப் படிவத்தில் பாடல், இராகம், தாளம், இயற்றியவர் என்ற இடங்களை நிரப்பாவிட்டால் ஏற்க இயலாது என்ற விதியைத் தளர்த்துங்கள். குழுவுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று மணியடிக்கும் முறை எங்களுக்குப் பொருந்தாது. பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுவதைப் பார்வையாளர் தம் உடம்பில் உணரவே ஐந்து நிமிடம் ஆகும், அதன் நடுவே அடுத்த குழுவை ஒலிபெருக்கியில் அழைத்தால் அதுவரை செய்த வேலை முழுவதும் கலைந்துவிடும்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது பரதம் ஆடும் பிள்ளைகளுக்காகவும்தான். கருங்கல் மீதோ சிமென்ட் மீதோ கம்பளம் விரித்து அதில் ஆடச் சொல்கிறோம். கம்பளத்துக்கு அடியில் தரை சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை, ஒவ்வொரு தட்டும் கணுக்காலுக்கும் முழங்காலுக்குமே திரும்பி வருகிறது. முப்பத்தைந்து வயதில் என் இடது முழங்காலில் தேய்மானம் இருப்பதாக மருத்துவர் சொன்னபோது, நான் ஆடிய தரைகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நம் பூம்புகாரில் மாதவி ஏறிய அரங்குக்குச் சிலப்பதிகாரம் அளவு தருகிறது: 24 விரல் கொண்ட கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல், அரங்கின் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். அரங்கின் தளத்தை அந்நூல் பலகை என்றே குறிக்கிறது. சட்டத்தின்மேல் பலகை அடித்து, கீழே காற்றோட்டமாக இடைவெளி விட்ட ஒரு மரத்தளத்தை உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டு செய்துவிடலாம். ஒருமுறை செய்தால் கழற்றி மாட்டிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம், பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளவும் முடியும். சீரியல் விளக்குகளுக்கும் வரவேற்பு வளைவுகளுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினால், வருங்காலத்தில் உங்கள் மேடையில் ஆடப்போகும் சிறுமிகளின் முழங்கால்கள் தப்பிக்கும்.

இவை எதையும் உடனே ஏற்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு மேல் எங்கள் ஊர்ப் புயல் பாதுகாப்புக் கூடத்தில் ஒத்திகை நடக்கிறது. நாற்காலிகள் இல்லை, பாயில்தான் அமர வேண்டும். தரைக்கு அருகில் இருந்தால்தான் கால்கள் செய்வது தெரியும். வருவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவியுங்கள். நடவு, களையெடுப்பு நாட்களில் எங்களுள் ஒருவர் வேலைக்குப் போய்விடுவார், அவர் இல்லாமல் நாங்கள் ஒத்திகை வைப்பதில்லை.

அன்புடனும் மதிப்புடனும்,
வேதாரண்யம் வட்டத்து நடன ஆசிரியை